லாரி கேன்: பாட்டுக்காரர்களிடம் நாட்டு நடப்பைக் கேட்டவர்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

"ஊடகத் துறையில் உங்களைக் கவர்ந்த ஒருவரைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னார். போர்முனைக்குப் போனவர், பிரதமர்களைப் பேட்டி கண்டவர் என்று யாரையாவது எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஒரு ராக் இசைக்குழுவின் பின்னாலேயே ஊர் ஊராகப் போன உள்ளூர் ரேடியோக்காரர் ஒருவரைப் பற்றி. அவர் பெயர் லாரி கேன்.

எனக்கும் ராக் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்து ஃப்ளாட் சார் இப்போதே சிரிக்கிறார். நியாயமான கேள்விதான். நான் பி.காம். படித்தபோது விடுதியில் பக்கத்து அறை நண்பர் பீட்டில்ஸ் கேசட்டைத் தேயத் தேயப் போடுவார். நான் இந்தப் பக்கம் பாலன்ஸ் ஷீட் டாலி ஆகவில்லையே என்று உட்கார்ந்திருப்பேன். என் இசையறிவு அவ்வளவுதான். பணி ஓய்வுக்குப் பிறகு, ரான் ஹோவர்ட் இயக்கி 2016இல் வந்த 'எய்ட் டேஸ் எ வீக்' என்ற ஆவணப்படத்தைப் பார்த்தேன். பீட்டில்ஸ் குழுவின் சுற்றுப்பயணங்களைப் பற்றிய படம். பாடியவர்கள் நால்வரையும் விட, நடுநடுவே வந்து நடந்ததைச் சொன்ன ஒரு வயதான செய்தியாளர் என் மனதில் நின்றுவிட்டார். கணீரென்ற குரல், தேதி, ஊர், யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாகச் சொல்கிற பாங்கு. ஒரு நல்ல லெட்ஜர் கீப்பரைப் பார்த்த மாதிரி இருந்தது. அவரைத் தேடிப் படித்ததைத்தான் இப்போது சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னப் பின்னணி. அமெரிக்காவில் ஒவ்வொரு பெரிய நகரத்துக்கும் தனித்தனி ரேடியோ, டி.வி. நிலையங்கள் உண்டு. நாட்டுச் செய்தியைத் தேசிய வலையமைப்புகள் தரும். நகரத்துச் செய்தியை அந்தந்த ஊர் நிலையம் தரும். மாலைச் செய்தி வாசிப்பவர் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். லாரி கேன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அப்படிப்பட்ட உள்ளூர்ச் செய்தியாளராகத்தான் கழித்தார்.

1964இல் அவர் மயாமி நகரத்தின் டபிள்யூ.எஃப்.யூ.என். என்ற ரேடியோ நிலையத்தில் செய்திப் பிரிவின் பொறுப்பாளர். வயது 21. நம் வீட்டுப் பையன்கள் அந்த வயதில் அரியர் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வருடம் பிப்ரவரியில் பீட்டில்ஸ் முதன்முதலாக அமெரிக்கா வந்தார்கள். பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பாடியதை சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள் என்று கணக்கு. அடுத்த வாரம், 16ஆம் தேதி, அதே நிகழ்ச்சி மயாமி பீச்சில் இருந்த டோவில் ஹோட்டலிலிருந்து ஒளிபரப்பானது. ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. கோடையில் அவர்கள் பெரிய சுற்றுப்பயணமாக மறுபடி வரப்போகிறார்கள், ஃப்ளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரத்திலும் கச்சேரி உண்டு என்று தெரிந்ததும், கேன் குழுவின் மேலாளர் பிரயன் எப்ஸ்டீனுக்குக் கடிதம் எழுதினார். கேட்டது ஒன்றே ஒன்று: ஜாக்சன்வில்லில் ஒரு பேட்டி.

பதில் வந்தது. பேட்டி மட்டும் என்ன, பயணம் முழுவதும் எங்களோடு வாருங்கள் என்றார் எப்ஸ்டீன். ஏன் இந்தத் தாராளம்? கேன் பின்னாளில் சொன்ன காரணம் சுவையானது. அவருடைய நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்கு வேறு சில ஊர்களிலும் நிலையங்கள் இருந்தன. கடிதத்தோடு போன அட்டையில் அத்தனை பெயரும் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்து, இவர் ஏதோ பெரிய ஒலிபரப்பு சாம்ராஜ்யத்தின் ஆள் என்று எப்ஸ்டீன் நினைத்துவிட்டாராம். லெட்டர்ஹெட்டைப் பார்த்து லோன் கொடுத்தால் என்ன ஆகும் என்று வங்கிக்காரர்களுக்குத் தெரியும். இங்கே எப்ஸ்டீனுக்கு அதிர்ஷ்டம், கொடுத்த கடன் வட்டியோடு திரும்பி வந்தது.

வேடிக்கை என்னவென்றால், கேனுக்குப் போகவே விருப்பமில்லை. அந்தக் கோடையை நினைத்துப் பாருங்கள். ஜூலை 2 அன்று குடியுரிமைகள் சட்டம் கையெழுத்தாகியிருந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் மிசிசிப்பியில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட மூன்று இளைஞர்களின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அதே வாரம் டோன்கின் வளைகுடா விவகாரம் வெடித்து, வியட்நாமில் அமெரிக்கா ஆழமாக இறங்குவதற்கு வழி பிறந்தது. இவ்வளவும் நடக்கும்போது, தலைமுடி வளர்த்த நான்கு பாட்டுக்காரர்களின் பின்னால் போவதா? இந்தக் குழு சில மாதங்கள்கூடத் தாங்காது என்பதும் அவர் எண்ணம். போதாததற்கு அவருடைய தாயார் நோயுற்றுக் காலமாகி அதிக நாள் ஆகவில்லை. ஆனாலும் நிலையம் அனுப்பியது, கிளம்பினார்.

ஆகஸ்ட் 19, சான் ஃபிரான்சிஸ்கோ கவ் பேலஸ் அரங்கில் பயணம் தொடங்கியது. செப்டம்பர் 20 அன்று நியூயார்க்கில் முடிந்தது. ஒரு மாதத்துக்குச் சற்று மேல், இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். நிருபர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் என்ன? முடி வெட்டுவீர்களா, எந்தப் பெண்ணைப் பிடிக்கும், காலையில் என்ன சாப்பிட்டீர்கள். கோட்டும் டையுமாக வந்து நின்ற கேனைப் பார்த்து ஜான் லெனன் அவருடைய உடையைக் கிண்டல் செய்தார். கேனும் சும்மா இருக்கவில்லை, பதிலுக்கு லெனனுடைய கோலத்தைச் சொல்லிக் காட்டினார். பிறகு மைக்கை நீட்டி வியட்நாமைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

லெனன் பதில் சொன்னார். அதோடு நிற்காமல், பேட்டி முடிந்த பிறகு கேனைத் தேடி வந்து கிண்டலுக்கு வருத்தமும் தெரிவித்தார். அங்கே தொடங்கிய பழக்கம் பல வருடம் நீடித்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கேன் அப்படிக் கேட்டதற்கு இசையறிவு காரணமில்லை. அவர் இசை விமர்சகர் அல்ல. தெருவில் ஒருவரை நிறுத்தி என்ன கேட்பாரோ, மேயரிடம் என்ன கேட்பாரோ, அதையேதான் பாட்டுக்காரரிடமும் கேட்டார். அந்த நால்வருக்கும் அப்போது வயது 21 முதல் 24. ஜார்ஜ் ஹாரிசனும் கேனும் கிட்டத்தட்ட ஒரே வயது. உலகமே அவர்களைக் கண்காட்சிப் பொருளாகப் பார்த்தபோது, ஒருவர் அவர்களைக் கருத்து உள்ள மனிதர்களாக மதித்தார். மதித்ததால் அவர்கள் வாய் திறந்தார்கள்.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். ஜாக்சன்வில்.

செப்டம்பர் 11, கேட்டர் பௌல் விளையாட்டரங்கில் கச்சேரி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அதுவரை பஸ், உணவகம், பள்ளி, அரங்கம் எல்லாவற்றிலும் வெள்ளையருக்கு ஒரு பக்கம், கறுப்பின மக்களுக்கு ஒரு பக்கம். சட்டம் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சட்டப் புத்தகத்தில் ஒரு வரி மாறினால் ஊர் வழக்கம் மறுநாளே மாறிவிடுமா? இந்த அரங்கிலும் பார்வையாளர்களைப் பிரித்து உட்காரவைப்பார்கள் என்ற பேச்சு இருந்தது.

லிவர்பூலிலிருந்து வந்த நான்கு இளைஞர்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது? அவர்களுக்கு ஜாக்சன்வில் என்பது பட்டியலில் ஒரு ஊர். ஹோட்டல், கார், மேடை, கார், விமானம். மயாமியிலிருந்து வந்த கேனுக்கு அது சொந்த மாநிலம். அங்கே நிலைமை என்ன என்று அவர் அறிவார். அதனால் பேட்டியில் இந்த விஷயத்தை நேரடியாக எடுத்தார். பால் மெக்கார்ட்னி தயங்காமல் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: மனிதர்களை இப்படிப் பிரிப்பது பைத்தியக்காரத்தனம், எங்களுக்கு இது பழக்கமில்லை, பிடிக்கவும் இல்லை. பிரித்து உட்காரவைத்தால் பாடமாட்டோம் என்று குழுவினரும் அறிவித்தார்கள். கொஞ்ச நாள் முன்னால்வரை தலைமுடியைப் பற்றி மட்டுமே கேட்கப்பட்டவர்கள் இவர்கள்.

கச்சேரிக்கு முந்தைய நாள் டோரா சூறாவளி அந்தக் கடற்கரையைப் புரட்டிப் போட்டது. கச்சேரி நாளன்றே ஜனாதிபதி ஜான்சன் சேதத்தைப் பார்வையிட ஜாக்சன்வில் வந்தார். பலமான காற்றுக்கு நடுவே அன்று மாலை பீட்டில்ஸ் பாடினார்கள். பார்வையாளர்கள் இனவாரியாகப் பிரிக்கப்படாமல் கலந்து உட்கார்ந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு கறுப்பினச் சிறுமியின் பெயர் கிட்டி ஆலிவர். பின்னாளில் எழுத்தாளரும் வாய்மொழி வரலாற்றாளருமாக ஆனவர். அதே ஆவணப்படத்தில் அவர் பேசுகிறார். சுற்றிலும் வெள்ளையர்கள், முதலில் பயம், பாட்டு தொடங்கியதும் எல்லோரும் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்ததில் அந்தப் பயம் மறைந்தது என்கிறார். நூற்றுக்கணக்கான பேர் போராடி, சிலர் உயிரைக் கொடுத்துப் பெற்ற உரிமையை ஒரு பாட்டுக் கச்சேரி பெற்றுத் தந்தது என்று நான் சொல்லமாட்டேன். அது அந்தப் போராளிகளுக்குச் செய்யும் துரோகம். ஆனால் ஒரு ஊரில், ஒரு மாலையில், ஒரு வழக்கம் நின்றது. அடுத்த ஆண்டு பீட்டில்ஸின் கவ் பேலஸ் ஒப்பந்தத்திலேயே, இனவாரியாகப் பிரிக்கப்பட்ட கூட்டத்தின் முன் பாட வேண்டியதில்லை என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. வாய்ப்பேச்சு, எழுத்தில் ஷரத்து ஆகிவிட்டது. வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இதன் மதிப்பு தெரியும்.

கேன் அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அவர்கள் வாயால் வந்த பதில் நாடாவில் பதிவாகி, காற்றில் ஏறி, மறுக்க முடியாத சாட்சியாக நின்றது என்பது மட்டும் உறுதி.

நாடா என்றதும் இங்கே இளைஞர்களுக்கு ஒரு விளக்கம். அப்போது ரேடியோ நிருபர் கையில் இப்போது இருப்பது போல் போன் கிடையாது. தோளில் கனமான டேப் ரெகார்டர். பேட்டி எடுத்த பிறகு ஹோட்டல் அறைத் தொலைபேசியின் பேசும் முனையைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் கம்பிகளில் கிளிப் மாட்டி, டேப்பை ஓடவிட்டு நிலையத்துக்கு ஒலியை அனுப்புவார்கள். மறுமுனையில் அதைப் பதிவு செய்து ஒலிபரப்புவார்கள். பகல் முழுக்கப் பேட்டி, மாலையில் காது கிழியும் கூச்சல், இரவில் இந்தக் கம்பி வேலை, பொழுது விடிந்தால் அடுத்த ஊர். ஜெல்லி மிட்டாய் பிடிக்கும் என்று ஜார்ஜ் ஒரு தடவை சொல்லிவைத்தார், அதன் பலனாக மேடையில் நிற்கும் எல்லோர் மீதும் ஊருக்கு ஊர் ஜெல்லி மழை.

1965 பயணத்துக்கும் கேன் போனார். நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் ஆகஸ்ட் 15 அன்று ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிய கச்சேரி அந்தப் பயணத்தில்தான். ஒரு வாரம் கழித்து போர்ட்லாந்துக்குப் போகும்போது விமானத்தின் ஒரு இன்ஜின் தீப்பிடித்தது. பத்திரமாக இறங்கினார்கள். இரண்டு பயணங்களிலும் எல்லா ஊர்களுக்கும் கூடவே போன ஒரே அமெரிக்க ஒலிபரப்புச் செய்தியாளர் என்ற பெயர் கேனுக்கு நிலைத்தது.

அதற்குப் பிறகு அவர் பீட்டில்ஸின் புகழை வைத்துக் காலத்தை ஓட்டவில்லை. 1966இல் ஃபிலடெல்ஃபியா நகரத்துக்குப் போனார். 1970இல் அங்கே சேனல் 6இல் 'ஆக்‌ஷன் நியூஸ்' தொடங்கியபோது அதன் முதன்மைச் செய்தியாளர் அவர்தான். நடுவில் கொஞ்ச காலம் நியூயார்க்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ஃபிலடெல்ஃபியாவின் மூன்று பெரிய டி.வி. நிலையங்களிலும் முதன்மைச் செய்தியாளராக இருந்தார். தேர்தல், தீ விபத்து, நகராட்சித் தகராறு, பனிப்புயல் என்று சுமார் முப்பத்தைந்து வருடம் அந்த ஊருக்குச் செய்தி சொன்னார். நம் பாஷையில் சொன்னால் ஒரே ஊரில் சர்வீஸ் போட்டார்.

1975 மே மாதம், சேனல் 6 நடத்திய 'ஹெல்ப்பிங் ஹேண்ட் மாரத்தான்' என்ற நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு கேனின் அழைப்பை ஏற்று ஜான் லெனன் ஃபிலடெல்ஃபியா வந்தார். அப்போது அவரை நாடு கடத்த அமெரிக்க அரசு வழக்கு நடத்திக்கொண்டிருந்த நேரம். உலகப் புகழ் பெற்ற அந்த மனிதர் வாகன நிறுத்துமிடத்தில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டார். மாலைச் செய்தியில் வரைபடத்தின் முன்னால் நின்று வானிலை அறிக்கையும் வாசித்தார். அந்தக் காட்சியை இன்றும் பார்க்கலாம். வானிலையில் ஒன்றும் விளங்காது, ஆனால் சிரிப்பு வரும். ஐந்தே வருடத்தில், 1980 டிசம்பர் 8 அன்று, லெனன் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒரு மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நெருக்கம் ஒரு செய்தியாளருக்குத் தகுமா? ஒரே விமானம், ஒரே ஹோட்டல் மாடி. கண்ணில் பட்டது எல்லாவற்றையும் கேன் அன்று ஒலிபரப்பவில்லை. திரைமறைவில் நடந்த சில சங்கதிகள் 2003இல் அவர் எழுதிய 'டிக்கெட் டு ரைட்' புத்தகத்தில்தான் வந்தன. அன்றைய நிருபர்களுக்கு அது எழுதப்படாத விதி. இன்றைக்குப் பார்த்தால் சிலருக்கு அது குறையாகப் படும். எனக்குத் தோன்றுவது இது: வாடிக்கையாளர் எவ்வளவு பழகியவராக இருந்தாலும் கையெழுத்தைச் சரிபார்த்துத்தான் காசோலையை பாஸ் செய்ய வேண்டும். பழக்கத்துக்காகச் சரிபார்ப்பை விட்டால் தப்பு. பழக்கமே கூடாது என்றால் கவுண்டரில் உட்கார முடியாது. தனிப்பட்ட சங்கதிகளை விட்டுக்கொடுத்தாலும், வியட்நாம், ஜாக்சன்வில் போன்ற கேள்விகளை கேன் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மட்டில் அவர் கணக்கு எனக்குச் சரியாகத்தான் வருகிறது.

அவர் நாடாக்களைத் தூக்கி எறியாமல் காப்பாற்றி வைத்தார். அவற்றிலிருந்து 2003இல் ஒரு புத்தகம், 2005இல் லெனனைப் பற்றி ஒன்று, 2013இல் குழுவின் தொடக்க காலத்தைப் பற்றி ஒன்று. 1964இல் ஒரு மாலைச் செய்திக்காகப் பதிவு செய்தது, 2016இல் ஆவணப்படத்துக்குச் சான்றாக நின்றது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய வவுச்சர் கைவசம் இருந்தால் எந்த ஆடிட்டருக்கும் பயப்பட வேண்டாம்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, பெரியவர்களான நமக்கு. பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் பாட்டை நாம் சத்தம் என்று ஒதுக்குகிறோம். கேனுக்கும் முதலில் அந்த எண்ணம்தான் இருந்தது. ஆனாலும் போனார், உட்கார்ந்தார், மரியாதையாகக் கேட்டார். மொட்டை மாடியில் கிட்டார் வாசிக்கும் பையன்களிடம் "எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள்?" என்பதைத் தவிர வேறு எதையாவது நாம் கேட்டிருக்கிறோமா? எதைப் பற்றிப் பாடுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். இரவு பத்து மணி விதி இருக்கட்டும், அதை நான் மாற்றச் சொல்லவில்லை.

இரண்டாவது, இளைஞர்களுக்கு. உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கேன் தோளில் சுமந்ததை விட நூறு மடங்கு நல்ல கருவி இருக்கிறது. நம் வளாகத்திலேயே ஓய்வுபெற்ற செவிலியர் இருக்கிறார், ரயில் ஓட்டியவர் இருக்கிறார், இந்தக் கட்டடம் எழும்பியபோது கொத்து வேலை பார்த்து இன்று காவலாளியாக இருப்பவர் இருக்கிறார். மாதம் ஒருவரை அரைமணி நேரம் பேட்டி எடுங்கள். சாப்பிட்டீர்களா, சௌக்கியமா என்பதோடு நிறுத்தாதீர்கள். ஊருக்குள் இருப்பவருக்குத்தான் கேட்கத் தெரியும் கேள்விகள் சில உண்டு. அவற்றைக் கேளுங்கள். பதிவுக்குத் தேதி போட்டு, பெயர் எழுதி, சம்மதம் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். சங்கத்தின் கணினியில் அதற்கு ஒரு இடம் ஒதுக்கித் தருவதாகச் செயலாளர் மேடையேறும் முன்பே என்னிடம் ஒப்புக்கொண்டார். இத்தனை பேர் சாட்சியாக இப்போது சொல்லிவிட்டேன், இனி அவர் பின்வாங்க முடியாது.

 சுண்டல் தயாராக இருக்கிறது என்று சைகை வருகிறது.